கோப்புறைப் பெயர்களும் குலைந்த எழுத்துக்களும்: மின்னஞ்சற் குறிமுறை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கடிதம் என்னும் தொடர்பாடல் வடிவம் இன்று பெருமளவுக்குத் தாளை விட்டு நீங்கி மின்னஞ்சலாக உருமாறியுள்ளது. எழுத்தாளரொருவரது கடிதக்கட்டு என நாம் முன்னர் குறிப்பிட்டு வந்தது, இன்று அவரது மின்னஞ்சற் கணக்கினுள்ளே பல்வேறு கோப்புறைகளாக வகுக்கப்பட்டுக் கிடக்கின்றது. இலக்கிய வரலாற்று ஆய்வாளனுக்குக் கடிதத்தின் உள்ளடக்கம் எத்துணை முக்கியமானதோ, அக்கடிதத்தை எழுதியவர் அதனை எவ்வாறு வகைப்படுத்தி, எப்பெயரிட்டு வைத்திருந்தார் என்பதும் அத்துணை முக்கியமானதாகும். ஆவணக் காப்பியலாளர் மூல ஒழுங்கு எனப் பேணுவது இதனையே. அம்மூல ஒழுங்கின் பெயர்ப்பலகைகளே கோப்புறைப் பெயர்கள் எனலாம்.

இப்பெயர்கள் ஆங்கில எழுத்துக்களில் அமைந்திருக்கும்வரை பிரச்சினை எதுவும் எழுவதில்லை. ஆனால் பிரெஞ்சு, ஜேர்மன் போன்ற மொழிகளில் எழுத்தின் மேல் வரும் ஒலிக்குறிகள் அப்பெயர்களில் இடம்பெறும்போதும், உரோமன் அல்லாத தமிழ், சிங்களம், அரபு முதலிய எழுத்துக்கள் இடம்பெறும்போதும் பெயர் குலைந்து, பொருளற்ற குறிகளின் தொகுதியாகத் திரையில் தோன்றுவதுண்டு. ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாறும்பொழுதும், ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கினை இடம்பெயர்க்கும்பொழுதும் இது பெரிதும் நிகழ்கின்றது. அவ்வேளைகளில் பயனாளருக்கு வழமையாகக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுண்டு: "கோப்புறைகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயரிடுங்கள்." இவ்வாலோசனை எளிமையானதாகவும் நடைமுறைக்கு உகந்ததாகவும் தோன்றுகின்றது. அது அங்ஙனம் தோன்றுவதே எமது ஆய்வுக்குரிய விடயமாகும்.

இக்குலைவு ஏன் ஏற்படுகின்றது, அதன் வகைகள் யாவை, அதனை எவ்வாறு இனங்கண்டு திருத்தலாம் என்பவற்றை விளக்குவதும், அத்தொழில்நுட்ப விளக்கத்தினூடாகத் தெரியவரும் சமூக உறவுகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஏழு பிற்றுக்களின் உலகம்

கணினிக்கு எழுத்து என்பதொன்றில்லை. எண் மட்டுமே உண்டு. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடே குறிமுறை எனப்படும். இவ்வுடன்பாடுகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 1963ஆம் ஆண்டில் அமெரிக்க நியமங்கள் சங்கம் வெளியிட்ட அஸ்கி என்பதாகும். அது ஏழு பிற்றுக்களைக் கொண்டது; எனவே அதில் 128 இடங்களே உள்ளன. அவற்றுள் 33 இடங்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்குச் சென்றுவிட, எஞ்சிய 95 இடங்களில் ஆங்கில நெடுங்கணக்கும் எண்களும் நிறுத்தக் குறிகளும் அமைந்தன. 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜனாதிபதி ஜோன்சன், அமெரிக்க மத்திய அரசு வாங்கும் கணினிகள் இந்நியமத்தைக் கையாளவேண்டும் எனப் பணித்தார். அரசு என்னும் மாபெரும் கொள்வனவாளரின் கட்டளை, ஒரு நாட்டின் நியமம் உலகச் சந்தையின் நியமமாக மாறுவதற்குத் துணைசெய்தது.

ஏழு பிற்றுக்கள் என்ற எல்லை எவருடைய தீய எண்ணத்தாலும் விதிக்கப்பட்டதன்று. தொலை அச்சுப்பொறிகளும் தந்திக் கம்பிகளும் நினைவகத்தின் அதிக விலையும் அவ்வெல்லையை வகுத்தன. ஒவ்வொரு பிற்றும் பணமாக இருந்த காலம் அது. ஆயினும், சிக்கனம் செய்யப்பட்டபோது எதனை விட்டுவிடலாம் என்ற தேர்வு நடுநிலையானதாக இருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. விடப்பட்டவை பிறருடைய எழுத்துக்களாகும்.

ஐரோப்பிய நாடுகள் இந்நெருக்கடியை முதலில் எதிர்கொண்ட முறை கவனத்துக்குரியது. அஸ்கியின் சில இடங்களை ஒவ்வொரு நாடும் தன் எழுத்துக்களுக்காக மாற்றிக்கொள்ளச் சர்வதேச நியமம் 646 இடமளித்தது. ஜேர்மனியர் { என்ற அடைப்புக்குறியின் இடத்தில், மேலே இரு புள்ளிகள் பெற்ற ஏ எழுத்தையும், } என்பதன் இடத்தில், அவ்வாறே புள்ளிகள் பெற்ற யூ எழுத்தையும் வைத்தனர். பிரெஞ்சுக்காரர் { என்பதன் இடத்தில், மேலே கூர்கோடு பெற்ற ஈ எழுத்தை அமைத்தனர். விளைவு யாதெனில், ஒரே எண் பாரிசில் ஓரெழுத்தாகவும் பேர்லினில் வேறோர் எழுத்தாகவும் நியூயோர்க்கில் அடைப்புக்குறியாகவும் வாசிக்கப்பட்டது. இன்று நாம் காணும் எழுத்துக் குலைவின் மூலவடிவம் இதுவே. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த சர்வதேச நியமம் 8859-1 எட்டாவது பிற்றினைப் பயன்படுத்தி மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு இடமளித்தது. அதிற்கூடப் பிரெஞ்சு மொழியின் ஓ-ஈ இணையெழுத்து இடம்பெறவில்லை. ஐரோப்பாவின் பெருமொழியொன்றின் நிலையே இதுவெனில், ஏனைய மொழிகளின் நிலையை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

மின்னஞ்சல் இவ்வேழு பிற்று உலகிலேயே உருவாயிற்று. 1982ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆர்.எவ்.சி. 821, 822 ஆகிய இரு இணைய ஆவணங்களும் அஸ்கி எழுத்துக்களையே கருத்திற் கொண்டிருந்தன. 1992இல் வந்த மைம் என்னும் முறை மடலின் உள்ளடக்கத்திற்குப் பிற மொழிகளை அனுமதித்தது. மடலின் தலைப்புக்கான முறை 1996ஆம் ஆண்டு நவம்பரில் ஆர்.எவ்.சி. 2047இல் உறுதிபெற்றது. கோப்புறைப் பெயரோ அதற்கும் ஒரு மாதம் பிந்தியே கவனிக்கப்பட்டது.

2. ஐமேப் மரபும் திருத்திய யூ.ரி.எவ்.-7உம்

1986ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுக்கத் தொடங்கிய ஐமேப் என்னும் நெறிமுறையில், மடல்களும் கோப்புறைகளும் பயனாளரது சொந்தக் கணினியில் அன்றிச் சேவையகத்திலேயே தங்கியிருக்கும். அலுவலகக் கணினி, கைத்தொலைபேசி, இணைய உலாவி ஆகிய யாவும் அதே கோப்புறைகளைப் பார்க்கும். எனவே கோப்புறைப் பெயர் என்பது ஒரு மென்பொருளின் தனியுடைமையன்று. பல மென்பொருள்களுக்கு இடையிலான பொது உடன்பாடாகும். அவற்றுள் ஒன்று உடன்பாட்டை மீறினாலும் ஏனையவை பாதிக்கப்படும்.

1996 டிசம்பரில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 2060 இவ்வுடன்பாட்டினை வகுத்தது. 2003 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 3501 அதனைத் தொடர்ந்து பேணியது. அதன்படி, கோப்புறைப் பெயரிலுள்ள அஸ்கி எழுத்துக்கள் அவ்வாறே எழுதப்படும். ஏனைய எழுத்துக்கள், திருத்திய யூ.ரி.எவ்.-7 எனப்படும் குறிமுறையில், & என்ற குறியுடன் தொடங்கி - என்ற சிறுகோட்டுடன் முடியும் ஒரு தொடராக மாற்றப்படும். பெயரிலே உண்மையாகவே & வருமாயின் அது &- என எழுதப்படும்.

மாற்றம் நிகழும் முறையினை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வரைவுகள் எனப் பொருள்படும் என்ற்வூர்வே என்ற ஜேர்மன் சொல்லில், இரு புள்ளிகள் பெற்ற யூ எழுத்து ஒன்றுண்டு. யுனிக்கோட் அட்டவணையில் அதன் எண் 252. இதனைப் பதினாறு பிற்றுக்களில் எழுதினால் 0000000011111100 என வரும். இதன் இறுதியில் இரு பூச்சியங்களைச் சேர்த்து, ஆறு ஆறாகப் பிரித்தால் 000000, 001111, 110000 என மூன்று கூறுகள் கிடைக்கும். அவற்றின் பெறுமானங்கள் 0, 15, 48. அறுபத்து நான்கு குறிகள் கொண்ட அட்டவணையொன்றில் இவ்வெண்களுக்குரியவை முறையே பேரெழுத்து ஏ, பேரெழுத்து பி, சிற்றெழுத்து டபிள்யூ ஆகும். ஆகவே அவ்வோரெழுத்தின் இடத்தில் &, ஏ, பி, டபிள்யூ, சிறுகோடு ஆகிய ஐந்து குறிகள் வந்து அமைகின்றன. பயனாளர் இவற்றை ஒருபோதும் காணவேண்டியதில்லை. மென்பொருள் அவற்றை மீட்டு எழுத்தாக்கிக் காட்டவேண்டும். காட்டத் தவறும் இடத்திலேயே குலைவு தோன்றுகின்றது.

யூ.ரி.எவ்.-7 என்ற மூலமுறை 1994ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டதாகும். அதனை ஏன் அப்படியே ஏற்காது திருத்தினர் என்ற வினா எழலாம். மூலமுறை + என்ற குறியினைத் தொடக்கக் குறியாகக் கொண்டது. ஆனால் செய்திக்குழுக்களின் பெயர்களில் + ஏலவே வழங்கி வந்தது. மூலமுறையின் அட்டவணையில் / என்ற குறி இடம்பெற்றது. ஆனால் கோப்புறைக்குள் கோப்புறையைப் பிரித்துக் காட்டப் பல சேவையகங்கள் அதே குறியைப் பயன்படுத்தின. ஆகவே + என்பதற்கு & உம், / என்பதற்குக் காற்புள்ளியும் பதிலீடு செய்யப்பட்டன. மேலும் மூலமுறையில் ஒரே பெயரைப் பலவாறு எழுத முடிந்தது. திருத்திய முறை அதனைத் தடுக்க முயன்றது. பழைய சேவையகங்களைக் குலைக்காது புதிய எழுத்துக்களைப் புகுத்தும் சமரசமே இது. புதிய உள்ளடக்கம் பழைய வடிவத்துள் அடைக்கப்படும்போது எழும் முரண்பாட்டினை இங்குத் தெளிவாகக் காணலாம்.

3. குலைவின் வகைகள்

எழுத்துக் குலைவுக்குப் பல மொழிகளிற் பெயருண்டு. ஜப்பானியர் அதனை மொஜிபாகே என்பர். ஜேர்மனியர் எழுத்துச் சலாது எனப் பொருள்படும் சொல்லொன்றால் வழங்குவர். ஆங்கிலமோ ஜப்பானியச் சொல்லையே கடன்வாங்கியுள்ளது. தமிழ் வாசகர் இதனைப் பாமினி எழுத்துருக் காலத்திலேயே அறிவர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றியதை நினைவுகூரலாம். கோப்புறைப் பெயர்களைப் பொறுத்தவரையில் ஐந்து வகைக் குலைவுகளை வேறுபடுத்திக் காட்டலாம். தோற்றத்தைக் கொண்டே காரணத்தை உணரலாம் என்பதால் இவ்வகைப்பாடு நடைமுறைப் பயனுடையதாகும்.

முதலாவது, பெயரில் & குறியும் சில ஆங்கில எழுத்துக்களும் சிறுகோடும் காணப்படும் நிலை. இங்குச் சேமிக்கப்பட்ட பெயர் சரியானதே. பார்க்கும் கருவி அதனை மீட்டெழுதவில்லை. பழைய மென்பொருள்களிலும், காப்புப் பிரதி எடுக்கும் கருவிகளிலும், சேவையகத்தின் கோப்பகத்தை நேரே திறந்து பார்க்கும்போதும் இது நிகழும். தமிழ்ப் பெயர்களுக்கு இவ்விடத்தில் ஓர் அடையாளமுண்டு. யுனிக்கோட்டில் தமிழெழுத்துக்கள் அமைந்துள்ள இடத்தின் காரணமாக, தமிழில் தொடங்கும் கோப்புறைப் பெயர் ஒவ்வொன்றும் & குறியை அடுத்துப் பேரெழுத்து சீ கொண்டே தொடங்கும். கடிதம் என்ற சொல் யுனிக்கோட்டில் ஆறு குறிகளாக அமைவது; அது பதினாறு ஆங்கில எழுத்து, எண் முதலிய குறிகளாக மாறி, முன்னும் பின்னும் & உம் சிறுகோடும் பெற்றுப் பதினெட்டாக நீளும்.

இரண்டாவது, மேலே அலைக்கோடு பெற்ற ஏ எழுத்தை அடுத்து © அல்லது ¼ போன்ற குறி வரும் நிலை. இங்குப் பெயர் யூ.ரி.எவ்.-8 முறையில் எழுதப்பட்டு, 8859-1 முறையில் வாசிக்கப்பட்டுள்ளது. கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.ரி.எவ்.-8 முறையில், கூர்கோடு பெற்ற பிரெஞ்சு ஈ எழுத்து 195, 169 என்னும் இரு பைற்றுக்களாகும். பழைய அட்டவணையில் 195 அலைக்கோட்டு ஏ, 169 ©. ஆகவே ஓரெழுத்து இரண்டாகப் பிளவுபட்டுத் தோன்றுகின்றது. தமிழாயின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுக்களாவதால், சாய்கோடு பெற்ற ஏ எழுத்தும் ® குறியும் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது, & குறியை அடுத்து உடனே சிறுகோடும், அதன்பின் ஆங்கில எழுத்துக்களும், மீண்டும் ஒரு சிறுகோடும் வரும் நிலை. ஏலவே குறிமுறைப்படுத்தப்பட்ட பெயரை, இடம்பெயர்க்கும் கருவி சாதாரண எழுத்தெனக் கருதி மீண்டும் ஒருமுறை குறிமுறைப்படுத்தியுள்ளது. உண்மையான & எனத் தவறாகக் கொள்ளப்பட்டமையால் அது &- ஆகியுள்ளது. இரண்டு முறை பூட்டப்பட்ட கதவினை இரண்டு முறை திறக்கவேண்டும் என்பதே இங்கு விதி.

நான்காவது, எழுத்துக்களின் இடத்தில் கேள்விக்குறிகளோ, கரிய சாய்சதுரத்துள் அமைந்த கேள்விக்குறிகளோ தோன்றும் நிலை. பார்க்கும் கருவியில் மட்டும் இவ்வாறு தோன்றுமாயின் கவலையில்லை. சேமிக்கப்பட்ட பெயரிலேயே இவை பதிந்துவிட்டிருப்பின் மூல எழுத்துக்கள் அழிந்துவிட்டன; எக்கருவியாலும் அவற்றை மீட்க இயலாது.

ஐந்தாவது, பெயர் குலையாது தோன்றியும் ஒரே பெயரில் இரு கோப்புறைகள் காணப்படும் நிலை. கூர்கோடு பெற்ற ஈ எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஈ, அதன்மேல் கூர்கோடு என இரு குறிகளாகவும் எழுதலாம். அப்பிள் நிறுவனம் 1998இல் அறிமுகஞ்செய்த கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாயினும் சேவையகத்துக்கு அவை வேறு வேறு. தமிழிலும் இச்சிக்கல் உண்டு. கொழும்பு என்ற பெயரின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுத யுனிக்கோட் இடமளிக்கின்றது. அவை சமமானவை என நியமம் கூறினும், அச்சமன்பாட்டை எல்லா மென்பொருள்களும் மதிப்பதில்லை.

4. இனங்காணலும் திருத்தலும்

குலைந்த பெயரைக் கண்டதும் பலர் செய்வது அக்கோப்புறையைக் குப்பையெனக் கருதி நீக்குவதாகும். இதனைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. பெயரும் உள்ளே கிடக்கும் மடல்களும் தனித்தனியே சேமிக்கப்படுவன. பெயர் குலைந்தமையால் மடல்கள் குலைவதில்லை. எனவே எதனையும் நீக்கவோ மாற்றவோ முன்னர் மடல்களின் காப்புப் பிரதியொன்றை எடுத்துக்கொள்வது முதற்கடமையாகும்.

அடுத்து, அதே கணக்கினை இன்னொரு மென்பொருளாலோ சேவை வழங்குநரின் இணையப் பக்கத்தாலோ திறந்து பார்க்கவேண்டும். அங்குப் பெயர் சரியாகத் தோன்றினால் குறை முதல் மென்பொருளிலேயே உள்ளது. அதனை இற்றைப்படுத்துவதோ, கணக்கினை அதில் நீக்கி மீளச் சேர்த்துக் கோப்புறைப் பட்டியலைப் புதிதாகப் பெறச் செய்வதோ போதுமானது. எங்கும் குலைந்தே தோன்றினால் சேவையகத்தில் சேமிக்கப்பட்ட பெயரே பிழையானது எனக் கொள்ளலாம். இவ்விரண்டினையும் வேறுபடுத்தாது திருத்த முனைவோர் சரியான பெயரையும் கெடுத்துவிடுவர்.

சேமித்த பெயரே பிழையாயின், சரியாக இயங்கும் ஒரு மென்பொருளைக் கொண்டு கோப்புறைக்கு மீளப் பெயரிடுவதே நேரிய வழி. ஐமேப்பின் பெயர்மாற்றக் கட்டளை உட்கோப்புறைகளையும் உடன்கொண்டு செல்லும். ஆனால் இரு விடயங்களைத் தனியே கவனிக்கவேண்டும். ஒன்று, சந்தாப் பட்டியல். ஐமேப்பில் எக்கோப்புறைகளைக் காட்டவேண்டும் என்ற பட்டியல் வேறாக உள்ளது. பெயர் மாறியபின் பழைய பெயர் அதில் எஞ்சி நிற்கலாம். புதிய பெயரை மீளச் சேர்க்கவேண்டி வரலாம். மற்றையது, வடிகட்டி விதிகள். வரும் மடல்களைத் தாமாகப் பிரித்து அனுப்பும் சீவ் என்ற மொழி யூ.ரி.எவ்.-8 முறையில் எழுதப்படுவது. அதில் & கொண்டு தொடங்கும் ஐமேப் வடிவத்தை எழுதிவிட்டால், இல்லாத கோப்புறையைத் தாமாக உருவாக்கும்படி அமைக்கப்பட்ட சேவையகம் குலைந்த பெயரில் புதியதொன்றைத் தோற்றுவிக்கும். திருத்திய பின்னரும் குலைந்த கோப்புறை மீண்டும் மீண்டும் முளைக்குமாயின் காரணத்தை இங்கேயே தேடவேண்டும்.

பெயர் ஒத்த இரட்டைக் கோப்புறைகளைப் பொறுத்தவரையில், ஒன்றிலுள்ள மடல்களை மற்றையதற்கு நகர்த்தி, எண்ணிக்கையைச் சரிபார்த்த பின்னரே வெறுமையானதை நீக்கவேண்டும். அனுப்பியவை, வரைவுகள் போன்ற வழமையான கோப்புறைகள் இரண்டு மூன்று மொழிகளில் பெருகுவதற்கு வேறொரு காரணமுண்டு. ஒவ்வொரு மென்பொருளும் தன் மொழியில் ஒரு கோப்புறையை உருவாக்கிவிடுகின்றது. 2011ஆம் ஆண்டின் ஆர்.எவ்.சி. 6154 கோப்புறையின் பயனைப் பெயரினின்றும் பிரித்து, தனியொரு பண்பாகக் குறிக்க வழிசெய்தது. மென்பொருளின் அமைப்பில் எக்கோப்புறை எப்பயனுக்கு உரியது எனத் தெரிவுசெய்தால் இப்பெருக்கம் நின்றுவிடும்.

கணக்கொன்றை இடம்பெயர்க்க முன்னர், கோப்புறைப் பெயர்களையும் ஒவ்வொன்றிலுமுள்ள மடல்களின் எண்ணிக்கையையும் தாளில் எழுதிவைத்தல் நன்று. ஒலிக்குறி அல்லது தமிழெழுத்துப் பெற்ற ஒரே ஒரு சிறு கோப்புறையை முதலில் மாற்றிப் பார்த்து, அது பிழையின்றிச் சென்றடைந்த பின்னர் ஏனையவற்றை மாற்றலாம். சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்வோர், பைத்தன் மொழியுடன் வரும் ஐமேப் நூலகம் கோப்புறைப் பெயரைத் தானாகக் குறிமுறைப்படுத்துவதில்லை என்பதையும் மனங்கொள்ளவேண்டும்.

5. அட்டவணைக்குள் அமைந்த சமமின்மை

இதுவரை கூறியவை பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் பொதுவானவை. ஆனால் பாதிப்பு எல்லா மொழிகளுக்கும் சமமானதன்று. இரண்டாவது வகைக் குலைவினை எடுத்துக்கொள்வோம். பைற்றுக்கள் யாவும் பிழையின்றி எஞ்சியிருப்பின், அவற்றை மீண்டும் யூ.ரி.எவ்.-8 என வாசித்து மூலப் பெயரைப் பெறலாம். ஆனால் நடைமுறையில் பழைய அட்டவணையாகப் பயன்படுவது பெரும்பாலும் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் 1252 என்ற அட்டவணையாகும். அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் எவ்வெழுத்துக்கும் உரியனவல்ல. சில மென்பொருள்கள் இவ்விடங்களில் வரும் பைற்றுக்களை அவ்வாறே விட்டுவைக்கும். வேறு சில அவற்றை நீக்கும் அல்லது கேள்விக்குறியாக்கும்.

கூர்கோடு பெற்ற பிரெஞ்சு ஈ எழுத்தின் பைற்றுக்கள் 195, 169 என்பதால் அது தப்பிவிடும். சாய்கோடு பெற்ற சிற்றெழுத்து ஏ எழுத்தின் இரண்டாம் பைற்று 160. அது கண்ணுக்குத் தெரியாத வெற்றிடமாக வாசிக்கப்பட்டுச் சாதாரண வெற்றிடமாக மாற்றப்படலாம். ஆகவே பிரெஞ்சும் முற்றாகத் தப்புவதில்லை. தமிழில் நிலைமை மேலும் மோசமானது. தமிழ்ப் புள்ளியின் மூன்றாம் பைற்று 141. உகரக் குறியின் மூன்றாம் பைற்று 129. ஏகாரம் 143, ஐகாரம் 144. ஐந்து வெற்றிடங்களுள் நான்கில் தமிழ் சென்று விழுகின்றது. புள்ளியும் உகரமும் இன்றித் தமிழில் ஒரு வரியேனும் எழுதுதல் அரிது. கடிதம் என்ற சொல்லே அதன் ஈற்றுப் புள்ளியை இழந்துவிடக்கூடும். கடித இலக்கியத்தைப் பேண விரும்பும் சமூகமொன்று கடிதம் என்று கோப்புறைக்குப் பெயரிட அஞ்சவேண்டியிருப்பது தற்செயலான நகைச்சுவையன்று.

எவரும் தமிழ்ப் புள்ளியை அழிக்கவேண்டும் எனத் திட்டமிட்டு 141ஆம் இடத்தை வெறுமையாக விடவில்லை. ஆங்கில ஆதிக்கத்தின் சதி என இதனை விளக்க முற்படும் மொழித் தூய்மைவாத நோக்கு, வரலாற்றைத் தனிமனிதரின் எண்ணங்களுக்குள் ஒடுக்கிவிடுகின்றது. மறுபுறம், இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை, இதற்கும் சமூகத்துக்கும் தொடர்பில்லை என்ற கூற்றும் ஏற்கத்தக்கதன்று. நியமம் என்பது உறைந்துபோன சமூக உறவாகும். எவருடைய உழைப்பு எளிதாக்கப்பட்டது, எவருடைய தோள்களில் செலவு சுமத்தப்பட்டது என்ற வினாவுக்கு அந்த அட்டவணையே விடை கூறுகின்றது. குலைந்த பெயர்களைத் திருத்தச் செலவாகும் நேரம் எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. அது ஊதியமற்ற உழைப்பாக, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுவோரிடமிருந்து பெறப்படுகின்றது.

ஆங்கிலத்திலேயே பெயரிடுங்கள் என்ற ஆலோசனையின் கருத்தியற் பண்பு இங்குத் தெளிவாகின்றது. மென்பொருளின் குறையினை அது பயனாளரின் மொழியின் குறையாக மாற்றிவிடுகின்றது. வரலாற்றால் உருவான ஓர் ஏற்பாடு இயற்கையின் விதிபோலத் தோற்றமளிக்கத் தொடங்கும்போது, அது பொதுப்புத்தியாக நிலைபெற்றுவிடுகின்றது. ஒவ்வொருவரும் அவ்வாலோசனையை ஏற்கும்தோறும் தமிழில் பெயரிடுவோர் குறைகின்றனர். அவர்கள் குறையும்தோறும் மென்பொருளாளர் தமிழிற் சோதித்துப் பார்க்கும் தேவையும் குறைகின்றது.

6. முடிவுரை

இந்நிலைமை மாற்றமுடியாததன்று, மாறியும் வருகின்றது. 2013ஆம் ஆண்டின் ஆர்.எவ்.சி. 6855, சேவையகமும் மென்பொருளும் இசைந்தால் கோப்புறைப் பெயர்களை நேரே யூ.ரி.எவ்.-8 முறையிற் பரிமாற வழிசெய்தது. 2021ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 9051 ஐமேப்பின் புதிய பதிப்பில் அதனையே இயல்பான முறையாக்கியது. திருத்திய யூ.ரி.எவ்.-7ஐத் தோற்றுவித்த பொருளாயதக் காரணங்கள், அதாவது ஏழு பிற்றுக் கம்பிகளும் விலையுயர்ந்த நினைவகமும், மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. எனினும் பழைய பதிப்பினைப் பேசும் மென்பொருள்கள் இருக்கும்வரை சேவையகங்கள் இரு முறைகளையும் அறிந்திருக்கவேண்டும். அடித்தளம் மாறிய பின்னரும் மேற்கட்டுமானத்தின் எச்சங்கள் நீடிப்பதற்கு இது சிறியதாயினும் தெளிவான சான்றாகும். இவ்விடைக்காலத்தில், ஒருபுறம் புதிய முறையும் மறுபுறம் பழைய முறையும் பேசப்படும் இடங்களிலே குலைவுகள் தொடரும் என்றே எதிர்பார்க்கலாம்.

ஆகவே இரு கடமைகள் எம்முன் உள்ளன. ஒன்று, எமது எழுத்தாளரும் ஆய்வாளரும் தத்தம் மின்னஞ்சற் கோப்புறைகளைப் பிழையற்ற பெயர்ப் பட்டியலுடன் காப்புச் செய்து வைத்தல். பல்கலைக்கழக நூலகங்கள் எதிர்காலத்தில் எழுத்தாளரின் கடிதங்களைப் பெறும்போது, மடல்களை மட்டுமன்றி அவை கிடந்த கோப்புறைகளின் பெயர்களையும் ஒழுங்கினையும் கேட்டுப் பெறுதல். மற்றையது, குலைவு தோன்றும்போது தமிழைக் கைவிடாது, அது ஐவகையுள் எவ்வகையினது என்று இனங்கண்டு, அம்மென்பொருளை ஆக்குவோருக்கு அறிவித்தல். பிழை எங்கு நிகழ்ந்தது என்று துல்லியமாகச் சொல்லும் முறைப்பாட்டினைத் தட்டிக்கழிப்பது கடினம். தொழில்நுட்ப அறிவு சிலரின் தனியுடைமையாக இருக்கும்வரை இச்சமமின்மையும் மறைந்தே கிடக்கும். அவ்வறிவினைப் பொதுவாக்குதல், மொழியுரிமை பற்றிப் பேசும் எவரும் தவிர்க்கமுடியாத பணியாகும்.